கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் பறவை நண்பர்கள் கூடுவது எப்படி: பெங்களூருக்கான முழு வழிகாட்டி

டிசம்பர் 26ஆம் தேதி காலையிலும் எங்கள் தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். கேக் கொடுத்துவிட்ட வீடுகளின் டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு, ஐ.டி. கம்பெனிகளில் பாதிப் பேர் விடுப்பில். வருஷம் முழுக்க "இந்த ஞாயிறு முடியாது, அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் பறவைக் கூட்டம், இந்த ஒரு வாரத்தில்தான் முழுசாகச் சேரும். நாங்கள் ஒன்பது பேர். இரண்டு பேர் ஊர் மாறிப் போய்விட்டார்கள், ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், ஒருவர் நாகர்கோவில்காரர். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள், எல்லோரும் பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள்.

இப்படிக் கூடுகிற பல குழுக்கள் இரண்டாம் வருஷமே கலைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். முக்கியக் காரணம், நடக்கும்போதே பேசித் தீர்த்துவிடுவார்கள். மாதக்கணக்கில் பார்க்காத நண்பரைக் கண்டதும் வாய் சும்மா இருக்காது. பேச்சில் பறவை பறந்துவிடும். பறவை வந்ததும் பேச்சு பாதியில் அறுந்துவிடும். வீட்டுக்குப் போகும்போது இரண்டுமே கிடைக்காத சலிப்புதான் மிஞ்சும். எங்கள் கூட்டம் நிலைத்ததற்கு ஒரே ஏற்பாடுதான் காரணம் என்று நம்புகிறேன். நடை பறவைகளுக்கு. பேச்சு, நடை முடிந்து உட்கார்ந்து பட்டியலை வாசிக்கும்போது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஏற்பாட்டை ஒட்டித்தான் வரும்.

கிறிஸ்துமஸுக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று ஆண்கள் அணி பிரிந்து துப்பாக்கியோடு போய், யார் அதிகம் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டி போடுவது வழக்கமாக இருந்தது. பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று அழைப்பு விடுத்தார். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கிறது. நம் ஊரில் அதே பெயரில் நடத்தவேண்டும் என்று இல்லை. ஆனால் நண்பர்கள் சேர்ந்து எண்ணுவதற்கு இந்த நாட்கள் எவ்வளவு பொருத்தம் என்பதை அந்த 27 பேரும் உணர்ந்திருப்பார்கள். நமக்கோ வலசைப் பறவைகள் வந்து நன்றாக ஊன்றிவிட்ட காலம் இது.

நாள் குறிப்பது

25 வேண்டாம். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, பகலெல்லாம் விருந்தாளிகளை உபசரித்த கிறிஸ்தவ நண்பர்களை மறுநாள் விடியற்காலை எழுப்புவதும் நியாயமில்லை. 31, ஜனவரி 1 இரண்டும் போக்குவரத்துக்கும் கூட்டத்துக்கும் மோசம். ஆக 27 முதல் 30 வரை நான்கு நாட்கள் கிடைக்கும். அதில் சனி, ஞாயிறு வந்தாலும் நான் வேலை நாளைத்தான் சொல்வேன். லீவு வாரமாகையால் பெரும்பாலோருக்கு வரமுடியும். பூங்காவிலும் ஏரிக்கரையிலும் கூட்டம் குறைவு. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவின் முதல் ரயில் மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் கிளம்பும்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே நாளைச் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் ரயில் டிக்கெட்டை அதை வைத்துத்தான் போடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். வருஷ நடுவில் ஒதுங்கிப்போனவர்களுக்கு ஆளுக்கொரு போன் கட்டாயம் போடுங்கள். ஒதுங்கியவர்கள் பெரும்பாலும் கோபத்தில் ஒதுங்கியிருக்க மாட்டார்கள். வீட்டில் நோய், வேலையில் நெருக்கடி, அல்லது நாலு தடவை வராததால் வந்த கூச்சம், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். "நீங்க இல்லாம கணக்கு சரியா வராது, வாங்க" என்று ஒரு வார்த்தை போதும்.

இடம்

இதில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறுகின்றன. அரிய பறவை கிடைக்கும் இடத்தைத் தேடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டத்துக்கு அது அளவுகோல் ஆகாது. குழுவில் மிக மெதுவாக நடக்கிறவர் யார், அவருக்கு எது முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். கழிப்பறை இருக்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா, கார் இல்லாதவர் வர முடியுமா என்று பாருங்கள்.

அந்தக் கணக்கில் எங்களுக்கு லால்பாக்தான் முதல் தேர்வு. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இன்று 240 ஏக்கர். மெட்ரோ பச்சை வழித்தடத்தில் அதன் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் மேற்கு வாசல். ஏரி, பழைய பெருமரங்கள், வெட்டவெளியாகக் கிடக்கும் பாறை மூன்றும் ஒரே வளாகத்தில் இருப்பதால் மூன்று விதமான பறவைகள் கிடைக்கும். ஏரியில் நீர்க்காகம், பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா. மரங்களில் வெண்கன்னக் குக்குறுவான், மாங்குயில், சாம்பல் கரிச்சான், அதிர்ஷ்டம் இருந்தால் வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பான். பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் மேலே கெம்பேகவுடா கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றால் வானம் திறந்து கிடக்கும். வெயில் ஏறியதும் கள்ளப்பருந்துகள் வட்டமிட ஆரம்பிக்கும். நடுவில் ஒரு வைரியோ செம்பருந்தோ வந்தால் உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு லால்பாகில் பறவை பார்ப்பவர்கள் கூடி நடப்பது இந்த ஊரின் பழைய வழக்கம். குழுவே இல்லாத புதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

எல்லோரும் நன்றாக நடப்பவர்கள், வண்டி இருக்கிறது என்றால் ஹொசகோட்டே ஏரிக்குப் போகலாம். பழைய மெட்ராஸ் ரோட்டில் நகர நடுவிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், விதவிதமான உள்ளான்கள், மஞ்சள் வாலாட்டிகள். விராலடிப்பான் தண்ணீருக்கு மேல் ஒரு நொடி நின்று, காலை நீட்டி விழுவதை ஒருமுறை பார்த்த நண்பர் பிறகு எந்த வருஷமும் தவறாமல் வருவார். நிழல் குறைவு, கழிப்பறை வசதியை நம்பமுடியாது. அதனால் காலை 9 மணிக்குள் முடித்துவிடவேண்டும்.

ஹெசரகட்டா புல்வெளி, பூனைப்பருந்து பார்க்கிறவர்களுக்கான இடம். அர்க்காவதி ஆற்றின் குறுக்கே 1894இல் கட்டிய நீர்த்தேக்கத்தை ஒட்டிய நிலம். புல்லுக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் இறக்கையை V போலத் தூக்கிவைத்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து பறக்கும் பருந்தைக் கண்டால் அது பூனைப்பருந்துதான். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவை. புல்லுக்குள் வண்டியை ஓட்டாதீர்கள். வானம்பாடிகளும் நெட்டைக்காலிகளும் தரையிலேதான் வாழ்கின்றன.

நந்தி மலைக்கு (1,478 மீட்டர்) நீலகிரிக் காட்டுப்புறாவும் மஞ்சள்தொண்டைச் சின்னானும் பெருமை. இரண்டுமே உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கின்றன. ஆனால் லீவு வாரத்தில் அந்த மலைப்பாதையில் நிற்கும் கார் வரிசையைப் பார்த்தால் உங்களுக்கே மனசு மாறிவிடும். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை போங்கள். சர்ஜாபூர் ரோடு பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கைகொண்டனஹள்ளி ஏரி போதும். நடைபாதை நன்றாக இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிவரலாம்.

முந்தைய வாரம்

இரண்டு நாள் முன்னால் ஒருவர் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அவர் கவனிக்கவேண்டியது முக்கியமாக ஒன்று: எந்த ஆலோ அத்தியோ இப்போது பழுத்திருக்கிறது? பழுத்த ஒரு மரத்தின் கீழே அரை மணி நேரம் நின்றால் குக்குறுவான், குயில், மாங்குயில், மைனா எல்லாம் தாமாகவே வந்து போகும். வயதானவர்களை நடக்கவைக்காமலே பதினைந்து பறவை காட்டிவிடலாம். அப்படிப்பட்ட மரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நடையின் முதல் பாதியை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவரவேண்டியவை கொஞ்சம்தான். பைனாகுலர் 8x42 நல்லது. 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 10 மடங்கு வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் கை நடுக்கத்தில் பறவையைத் தொலைத்துவிடுகிறார்கள். பனி மூடிய காலை வெளிச்சத்துக்கும் 8x42 ஏற்றது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பைனாகுலரையும் எடுத்துவாருங்கள். யாராவது ஒருவர் தம்பி மகளையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கட்டாயம் கூட்டிவருவார்.

டிசம்பர் கடைசியில் விடியற்காலை குளிர் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். ஸ்வெட்டர், தொப்பி, பிளாஸ்கில் காப்பி. பளீரென்ற வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். பலகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அதற்கு நேரம் பின்னால் இருக்கிறது.

வாசலில்

சூரியன் 6.40 வாக்கில்தான் உதிக்கும். 6.30க்கு வாசலில் கூடுங்கள். கட்டிப்பிடிப்பது, "என்ன இளைச்சுட்டீங்க", "தாடி யாருக்காக" எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். அதை அடக்கவே கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் பைனாகுலர்களையும் சரிசெய்துவிடுங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி அதையும் தெளிவாக்குங்கள். அதன்பின் நடுச் சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் குமிழைக் கீழே இறக்கிக்கொள்ளவேண்டும். பத்து வருஷமாக மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இதைச் செய்து கொடுத்தபோது அவர் சொன்னார்: "இவ்வளவு நாளா புறாவுக்குக் கண் ஆரஞ்சு நிறம்னே தெரியாது."

புதியவர்களுக்கு இன்னொன்று சொல்லித்தாருங்கள். பறவையைக் கண்ட பிறகு கண்ணை எடுக்காமல், குனியாமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரவேண்டும். பைனாகுலருக்குள் போய்த் தேடினால் கிடைக்காது. இடம் சொல்லும்போது மரத்தைக் கடிகாரமாக நினைத்து "ரெண்டு மணிக் கிளை, பாதி தூரத்துல" என்று சொல்லுங்கள். "அதோ, அந்தப் பச்சை இலைக்குப் பின்னால்" என்றால் யாருக்கும் ஆகாது.

பிறகு முதல் பதினைந்து நிமிடம் மௌனம். எங்கள் வழியில் இது மட்டும்தான் கறாரான விதி. கேட்டுக்கொண்டே நில்லுங்கள். வெண்கன்னக் குக்குறுவானின் 'குட்ரூ குட்ரூ' இந்த ஊரின் காலை முழுக்க இருக்கும், அதைத் தாண்டிக் கேட்கப் பழகவேண்டும். மேலே இலைக்கூட்டத்தில் 'டிஸ்லீ' என்று ஈரெழுத்தாய் ஒரு கூர்மையான குரல் வந்தால் அது பச்சைக் கதிர்க்குருவி. பத்து கிராம்கூட இருக்காது, இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து நம் மாமரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. புதரின் அடியில் 'டக், டக்' என்று நாக்கைச் சொடுக்குவது போல வந்தால் அது நாணல் கதிர்க்குருவி. இந்த இரண்டு குரல்களைத் தெரிந்துகொண்டாலே டிசம்பர் மாதப் பெங்களூர் பாதி புரிந்துவிடும்.

எங்கள் வாத்தியாருக்கு எழுபத்து நாலு வயது. பூக்கொத்தியின் 'டிக் டிக்' அவருக்கு இப்போது கேட்பதில்லை. முதுமையில் முதலில் போவது மெல்லிய உச்சக் குரல்கள்தான். இந்தக் குரலை முதன்முதலில் எங்களுக்குக் காட்டித்தந்தவரே அவர்தான். "கேக்கலையா சார்?" என்று யாரும் கேட்பதில்லை. "சார், சர்க்கரைப்பழ மரத்துல பூக்கொத்தி, உங்க வலது கைப்பக்கம்" என்று சொல்லிவிடுவோம். அவர் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்து, தலையாட்டி, "அலகு வெளிறி இருக்கா பாருங்க" என்பார். அவர் கண் இன்னும் எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை. உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் நடக்க ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது

ஒருவர் மட்டும் பட்டியல் எழுதினால் போதும். ஒன்பது பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பறவையைப் பார்ப்பது யார்? பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் செயலியில் நடை தொடங்கும்போது பட்டியலைத் தொடங்கி, உட்காரும்போது நிறுத்தவேண்டும். நடுவில் டிபன் சாப்பிட்ட அரை மணி நேரமும் கணக்கில் சேர்ந்தால் அந்தப் பட்டியலின் மதிப்பு குறைந்துவிடும். முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்தீர்களா என்று கேட்கும். காக்கையையும் புறாவையும் விட்டுவிட்டு "ஆம்" என்று சொல்லாதீர்கள். சாதாரணப் பறவை என்று விட்டால், அது குறைந்துபோகும்போது யாருக்கும் தெரியாமலே போய்விடும். சிட்டுக்குருவி விஷயத்தில் நாம் அனைவரும் அதைப் பார்த்தவர்கள்தான்.

எண்களுக்கு ஆட்களைப் பிரித்துவிடுங்கள். ஒருவர் பருந்துகளுக்கு, ஒருவர் ஏரிக்கு, ஒருவர் கிளிகளுக்கு. கூட்டமாகப் பறப்பதை ஒவ்வொன்றாக எண்ணமுடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, அப்படி எத்தனை பத்து என்று பாருங்கள். மாலையில் அடையப் போகும் கிளிக்கூட்டத்தில் இதைப் பழகிக்கொள்ளலாம். பட்டியல் முடிந்ததும் எழுதியவர் மற்றவர்களோடு அதைச் செயலியிலேயே பகிரவேண்டும். அவரவர் தனியாக ஏற்றினால் ஒரே கூழைக்கடா ஒன்பது தடவை பதிவாகிவிடும். பகிர்ந்த பிறகு, தான் பார்க்காததை அவரவர் தம் பிரதியில் நீக்கிக்கொள்ளலாம்.

உட்காருவது

எட்டே முக்கால், ஒன்பது மணிக்கு நடையை நிறுத்திவிடுங்கள். இன்னும் பார்க்கலாம் என்ற ஆசை இருக்கும்போதே நிறுத்துவது நல்லது. லால்பாக் பக்கத்தில் 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். ஓட்டல் இருக்கிறது, அங்கே ரவா இட்லி சாப்பிடலாம். ஆனால் லீவு நாளில் வெளியே வரிசை நிற்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசமுடியாது, பேசவும் கூடாது. டிபனை முடித்துக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போங்கள். எங்களுக்கு வில்சன் கார்டனில் நாகர்கோவில் அண்ணன் வீடு. பாய் விரித்து, நடுவில் பலகாரத் தட்டுகள். அச்சுமுறுக்கு, குல்குல், பிளம் கேக், கூடவே அவர் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய முந்திரிக்கொத்து. பாசிப்பயறை வறுத்து அரைத்து, வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டி, அரிசிமாவில் தோய்த்துப் பொரித்தது. கடித்தால் மேலோடு உடையும், உள்ளே மணல் போல உதிரும். இந்த ஒன்றுக்காகவே மைசூரிலிருந்து பஸ் ஏறி வருகிற நண்பர் இருக்கிறார்.

இப்போது பட்டியலை வாசியுங்கள். எழுதியவர் பறவையின் பெயரைத் தமிழில் உரக்கச் சொல்லவேண்டும். மற்றவர்கள் எண்ணைச் சொல்லவேண்டும். "நாமக்கோழி?" "பதினொண்ணு." "சின்ன நீர்க்காகம்?" "நாப்பது இருக்கும்." "பழுப்புக் கீச்சான்?" "ஒண்ணு, போன வருஷம் உக்காந்த அதே வேலிக்கம்பி." குளிர்காலத்துக்கு வரும் கீச்சான், வாலாட்டி போன்றவை போன வருஷத்து இடத்துக்கே திரும்பி வருவது உண்டு. அதனால் பழைய வருஷத்துப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை கிளம்பும். அதைத் தடுக்காதீர்கள். காலையெல்லாம் தேக்கிவைத்த பேச்சு இங்கேதான் வரவேண்டும்.

சண்டை வருவதும் இங்கேதான். எங்களுக்கு வருஷா வருஷம் கரிச்சானில் வரும். கருப்பா, சாம்பலா? கருப்புக் கரிச்சான் என்றால் வெட்டவெளி, மின்கம்பி, மாட்டின் முதுகு. வாயோரத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். சாம்பல் கரிச்சான் குளிர்கால விருந்தாளி, பெருமரத்தின் உச்சியில் உட்காரும், வயிறு ஈயம் போலிருக்கும், கண் குங்குமச் சிவப்பு. வெயிலுக்கு எதிரே பார்த்தால் இரண்டும் கறுப்புதான். படம் இருந்தால் படத்தைப் பாருங்கள். இல்லையென்றால் யார் அதிக நேரம் பார்த்தாரோ அவரைச் சொல்லவிடுங்கள், யார் மூத்தவர் என்று பார்க்காதீர்கள். அப்போதும் தீராவிட்டால் 'ஏதோ ஒரு கரிச்சான்' என்றே பதிவு செய்யுங்கள். பெண் பூனைப்பருந்துகளுக்கு 'வெளிர் அல்லது மோன்டேகு' என்று பதிய செயலியிலேயே வழி இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் குறைச்சல் ஒன்றுமில்லை, தவறான பெயரைவிட அது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

பட்டியல் முடிந்ததும், ஆளுக்கொரு பறவை. இந்த வருஷம் உங்கள் மனதில் நின்ற ஒரே ஒரு பறவையைச் சொல்லுங்கள். அரியதாக இருக்கவேண்டும் என்று இல்லை. எங்கே, எப்போது, பக்கத்தில் யார் இருந்தார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று நேரே கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். பறவையைக் கேட்டால் வருஷம் வெளியே வரும். ஒரு வருஷம் எங்கள் தோழி ஒருவர் புள்ளிச்சில்லை என்றார். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஒரு செடியில் ஒரு ஜோடி புல்லைக் கொண்டுவந்து கொண்டுவந்து பந்து போலக் கூடு கட்டியதாம். ஆறு வாரம் அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அம்மாவும் பாத்தாங்க. குஞ்சு பறக்கறதுக்கு மட்டும் அவங்க இல்ல." அவர் அம்மா போனது எங்களில் யாருக்கும் தெரியாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வாத்தியார் தன் காப்பி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். மேலே இரண்டு பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்றின் காலில் சுள்ளி. கொஞ்ச நேரம் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அடுத்தவர் தன் பறவையைச் சொன்னார்.

குழு பெரிதாக இருந்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வையுங்கள். குழந்தைகளை முதலில் பேசவிடுங்கள். புதிதாக வந்தவருக்கு, அன்று காலை பார்த்ததையே சொல்லலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதது

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று நுழைந்துவிட்டது என்று அது பதறி ஓடிவரும். தீனி தேடவேண்டிய நேரம் சண்டையில் போகும். ஒன்பது பேர் கூடினால் யாராவது ஒருவருக்கு அந்த ஆசை வரும், அன்போடு தடுத்துவிடுங்கள்.

அதைவிட எனக்கு வலிக்கும் ஒன்று உண்டு. சில வருஷம் முன்னால் ஒரு பழைய மரப்பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடியைப் பார்த்தோம். சந்தோஷத்தில் நான் குழுப்படம் எடுத்தேன். எல்லோரும் சிரிக்கிறோம், பின்னால் அந்த மரமும் பக்கத்துப் பலகையும் தெளிவாகத் தெரிகின்றன. படத்தைப் பகிர்ந்தோம். அடுத்த வாரம் நான் போனபோது மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர், ஒருவர் குச்சியால் அடிமரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குப் பிறகு பொந்து காலி. அதன்பின் ஆந்தை, கூடு, பொந்து எதையும் நாங்கள் இடம் தெரியப் பகிர்வதில்லை. குழுப்படம் மொட்டைமாடியில்தான்.

கிளம்பும் முன்

செருப்பைப் போடுவதற்கு முன் அடுத்த நாளைக் குறித்துவிடுங்கள். ஜனவரியே நிறைய வாய்ப்புத் தருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த நாட்களில் தமிழகத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். சொந்தக் கிராமத்துக் கண்மாய்க்கரையில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான், 1987 முதல் நடந்துவருகிறது. பெங்களூர் ஏரி ஒன்றை உங்கள் குழு எடுத்துக்கொள்ளலாம். கூட்டமாகப் பயணம் போகவேண்டும் என்றால் மைசூர் ரோட்டில் சுமார் 80 கிலோமீட்டரில் கொக்கரேபெல்லூர். பிப்ரவரியில் அந்த ஊரின் புளியமரங்களில், வீடுகளுக்கு மேலேயே, கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடுகட்டியிருக்கும். தெருவில் நின்றே பார்க்கலாம், வாத்தியார் மாதிரியானவர்களுக்கு வேறு எந்தக் கொக்குக் காலனியும் இவ்வளவு சுலபமில்லை.

கடைசி வேலை, வராதவர்களுக்கு. பட்டியலை ஒரு தாளில் கையால் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவோம். கோயம்புத்தூருக்கு மாறிப்போன நண்பருக்கு மட்டும் தபாலில் அந்தத் தாளே போகும், கூட ஒரு சின்ன டப்பா முந்திரிக்கொத்து. போன வருஷம் கிடைத்ததும் போன் பண்ணினார். "ஐம்பத்து ரெண்டா? சாம்பல் வாலாட்டி எங்க? ஏரிக்கரைப் படிக்கட்டுல பாக்கலையா?" நாங்கள் அந்தப் படிக்கட்டுப் பக்கமே போகவில்லை. இந்த வருஷம் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.